ஒரு மலை, மூன்று நிறங்கள்: டர்னரின் ரிகி ஓவியங்களை வாசிக்கும் முறை

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்து ஏரிக்கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் ரிகி மலை தெரியும். அதன் உயரம் 1,798 மீட்டர். ஆல்ப்ஸின் பனிமுடிகளுக்கு முன் இது பெரிய உயரமே அல்ல. ஆனால் பக்கத்தில் துணைமலை எதுவும் நெருக்காமல், ஏரி நீரிலிருந்தே எழுந்து நிற்பதுபோல் தனித்து நிற்பதால் கண் அதிலேயே போய்த் தங்கும். ஆங்கில ஓவியர் ஜோசப் மலார்ட் வில்லியம் டர்னர் (1775–1851) இந்த மலையை லூசெர்ன் பக்கத்துக் கரையிலிருந்து பார்த்து, 1842இல் மூன்று பெரிய நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். மூன்றும் இன்று நிறத்தின் பெயராலேயே அறியப்படுகின்றன: நீல ரிகி, கரு ரிகி, செந்நிற ரிகி.

நிலக்காட்சி ஓவியத்தில் நிறத்துக்குப் பொருள் உண்டா, உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இவற்றைவிடத் தெளிவான சோதனைக்களம் கிடைப்பது அரிது. நீலம் என்றால் அமைதி, சிவப்பு என்றால் சினம் அல்லது சாவு, கறுப்பு என்றால் துக்கம் என்று நிறங்களுக்குப் பட்டியல் போட்டுப் பொருள் சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்று ஓவியங்களையும் வாசிக்கப் புகுந்தால் முதல் ஓவியத்தில் ஓரளவு ஒத்துவரும், மூன்றாவதில் கைவிட்டுவிடும். காரணம், டர்னரின் தாளில் நிறம் முதலில் ஒரு நேரத்தையும் ஒரு திசையையும் காட்டுகிறது. குறியீடு அதன்மேல்தான் முளைக்கிறது.

டர்னர் லூசெர்னுக்கு முதலில் வந்தது 1802இல், இளைஞராக. 1841 கோடையில் மறுபடி வந்தபோது வயது 66. ஏரிக்கரையில் அன்னத்தின் பெயர் கொண்ட விடுதி ஒன்றில் தங்கி, விடியலிலும் அந்தியிலும் எதிரே தெரிந்த மலையைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தார். அந்தக் காலத்துப் பயணிகள் ரிகிக்கு வந்தது வேறு நோக்கத்துக்காக. உச்சியில் 1816 முதலே விடுதி இருந்தது. இரவே ஏறிப்போய்த் தங்கி, அங்கிருந்து சூரியோதயம் பார்ப்பது ஐரோப்பிய உல்லாசப் பயணத்தின் கட்டாயச் சடங்காகியிருந்தது. டர்னர் தீட்டியது உச்சியிலிருந்து தெரிந்த உதயத்தை அல்ல, உதயத்தின் முன் நின்ற மலையை. இந்த இடமாற்றம் சிறிதாகத் தோன்றலாம். நிறத்தின் கதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் விற்பனையாளர் தாமஸ் கிரிஃபித்திடம் 15 மாதிரிச் சித்திரங்களைக் கொடுத்தார். அவற்றில் பத்தைத் தேர்ந்து முழு ஓவியமாக்கித் தருவது ஏற்பாடு. முடிந்த ஓவியம் எப்படி இருக்கும் என்று காட்ட நான்கை முன்கூட்டியே தீட்டி வைத்திருந்தார். ஒன்றின் விலை 80 கினி. பழைய வாடிக்கையாளர்களே தயங்கினார்கள். பழகிய டர்னராக இவை இல்லை என்பது அவர்கள் குறை. நீல ரிகியைத் திமிங்கில எண்ணெய் வணிகத்தில் பொருள் சேர்த்த எல்ஹனன் பிக்னெல் வாங்கினார்.

நீர்வண்ணத்தில் நிறத்தைப் பேசுமுன் தாளைப் பேசியாக வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் ஒளி வேண்டுமென்றால் ஓவியர் வெள்ளைச் சாயத்தைப் பூசுகிறார். நீர்வண்ணத்தில் ஒளி என்பது பூசாமல் விட்ட தாள். நீரில் கரைத்த மெல்லிய சாயம் தாளின்மேல் கண்ணாடிப் படலம்போலப் படிகிறது. ஒளி அந்தப் படலத்தை ஊடுருவி, வெண்தாளில் பட்டு, மறுபடி படலம் வழியே கண்ணுக்குத் திரும்புகிறது. ஓவியர்கள் ‘வாஷ்’ என்று சொல்லும் இந்த நீர்ப்பூச்சை ஒன்று காய்ந்த பிறகு அதன்மேல் மற்றொன்றாக ஏற்றும்போது நிறம் ஆழமாகிறது. தாளின் வெளிச்சமும் கொஞ்சங்கொஞ்சமாக அடங்குகிறது. ஏற்றிய பின் இறக்குவது எளிதல்ல. ஆகவே நீர்வண்ணக்காரர் வெளிச்சத்திலிருந்து தொடங்கி இருட்டை நோக்கித்தான் போக முடியும். விடியலையும் அந்தியையும் தீட்ட இதைவிட இயல்பான ஊடகம் வேறில்லை. அந்த நேரங்களில் உலகமும் இப்படிப் படலம் படலமாகத்தான் வெளுக்கிறது, இருள்கிறது.

டர்னர் அதோடு நிற்கவில்லை. ஈரமாக இருக்கும்போதே சாயத்தை ஒற்றி எடுப்பார். காய்ந்தபின் கத்திமுனையாலோ, இதற்கென்றே நீளமாக வளர்த்திருந்த கட்டைவிரல் நகத்தாலோ சுரண்டித் தாளின் வெண்மையை வெளியே கொண்டுவருவார். நீர்த்துளி, அலைநுனி, சிறகின் ஓரம் போன்றவை இப்படிப் பிறந்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சாயத்தின் புள்ளி என்று தோன்றும். கிட்டே போனால் தாள் இழை எழும்பியிருக்கும்.

நீல ரிகி 29.7 சென்டிமீட்டர் உயரமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. விரித்த வார இதழ் ஒன்றின் அளவுக்கு மேல் இல்லை. நடுவில் மலை, முழுவதும் நீலம். பாறை, காடு, மடிப்பு எதுவும் தனித்துத் தெரியாமல் ஒரே உருவாக நிற்கிறது. அதன் பின்னால் அடிவானத்தில் வெளிறிய மஞ்சள். மேலே போகப்போக அது இளஞ்சூடான வெண்மையாகி, பிறகு மெல்லிய நீலமாகிறது. வானில் விடிவெள்ளி இன்னும் அணையவில்லை. ஏரி அந்த மஞ்சளையும் நீலத்தையும் வாங்கி வைத்திருக்கிறது. நீலப் பரப்பைக் கண்ணோட்டினால் அது ஒரே சீராகப் பூசிய நீலம் அல்ல என்பது தெரியும். அகன்ற பூச்சுகளின் மேல் நுண்தூரிகையால் இட்ட எண்ணற்ற சிறு கீற்றுகள், மலையின் சரிவுகளைக் கோடு போட்டுக் காட்டாமல் உணர மட்டும் வைக்கின்றன.

மலை ஏன் நீலம்? சூரியன் கிழக்கிலிருந்து, அதாவது மலையின் பின்புறத் திசையிலிருந்து எழுகிறது. லூசெர்னைப் பார்க்கும் முகம் நிழலில் இருக்கிறது. அந்த இருண்ட முகத்துக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவில் 14 கிலோமீட்டர் ஈரக்காற்று, விடியல் ஒளி பட்டு நிற்கிறது. ஒளிபட்ட மங்கலான ஊடகத்தின் வழியே இருளைப் பார்த்தால் அது நீலமாகத் தெரியும். அதே ஊடகத்தின் வழியே ஒளியைப் பார்த்தால் அது மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும். இது ஜெர்மானியக் கவிஞர் கோதே 1810இல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டின் அடிப்படைக் கூற்றுகளில் ஒன்று. சார்ல்ஸ் ஈஸ்ட்லேக் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1840இல் வந்தது. டர்னர் அதை வாங்கி, ஓரங்களில் குறிப்பெழுதி, சில இடங்களில் மறுத்தும் வாசித்தார். 1843இல் காட்சிக்கு வைத்த எண்ணெய் ஓவியம் ஒன்றின் தலைப்பிலேயே கோதேயின் கோட்பாட்டைப் பெயர் சொல்லிக் குறித்தார். நியூட்டனை மறுத்து கோதே கட்டிய வாதம் இயற்பியலில் நிலைக்கவில்லை. காற்றில் உள்ள நுண்துகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால்தான் இப்படி நேர்கிறது என்பதை ரேலே பிரபு 1871இல் கணிதமாக விளக்கினார். ஆனால் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்ன அளவில் கோதே சொன்னது சரி. ஒரு ஓவியருக்கு அது போதும்.

தொலைவில் உள்ள குன்று நீலமாகத் தெரிவது தமிழ் நிலத்தில் புதிய செய்தி அல்ல. நீலகிரி என்ற பெயருக்குக் குறிஞ்சிப் பூவைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. மலைமேல் கவியும் நீலத்தைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து அதிகாலையில் அந்த மலையைப் பார்த்தவர்களுக்கு டர்னரின் நீலம் கற்பனை அல்ல என்பது புரியும்.

ஆக, நீலம் இங்கே முதலில் ஒரு சாட்சியம்: நேரம் விடியல், பார்வை கிழக்கு, மலை நிழலில், காற்றில் ஈரம். கோதே அடுத்த படிக்கும் போகிறார். மஞ்சள், செம்மஞ்சள் போன்றவற்றை ஊக்கம் தரும் நிறங்களாகவும், நீலத்தையும் அதன் உறவுகளையும் குளிர்ச்சி, நிழல், ஏக்கம் தரும் நிறங்களாகவும் அவர் பிரிக்கிறார். டர்னரின் ஓவியத்தில் இந்த இரண்டு அணிகளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்கின்றன. அடிவானத்தின் அந்தக் குறுகிய மஞ்சள் பட்டையை விரலால் மறைத்துப் பார்த்தால் மலை வெறும் சாம்பல் நீலமாகச் சோர்ந்துவிடும். விரலை எடுத்ததும் நீலம் மறுபடி உயிர்பெறும். பக்கத்து நிறம் மாறினால் ஒரு நிறத்தின் வலிமை மாறும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839இல் தனி நூலாகவே எழுதினார். குறியீட்டு வாசிப்புக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு: ஓர் ஓவியத்தில் நீலத்துக்கு என்ன பொருள் என்று கேட்பது அரைக் கேள்வி. எந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கும் நீலம் என்பதே முழுக் கேள்வி.

மேற்பாதியின் இந்த அமைதியை முன்புறம் கலைக்கிறது. கரைக்கு அருகே வாத்துகள் சிறகடித்து நீரைவிட்டு எழுகின்றன. இரண்டு நாய்கள் அவற்றின் பின்னால் தண்ணீரில் பாய்கின்றன. வேட்டை நடக்கிறது என்று கொள்வதே பொருந்தும். டேட் காட்சியகத்தில் இருக்கும் மாதிரிச் சித்திரத்தோடு இதை ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். மாதிரியில் மலை, நீர், வானம், ஒளி ஆகியவைதான் விஷயம். வாங்குபவருக்கான முழு ஓவியத்தில்தான் இந்தச் சிறு கலவரம் உள்ளே வருகிறது. விற்பனைக்காகச் சேர்த்த அலங்காரம் என்று இதை ஒதுக்குவது தவறு. அந்த ஒரு சலசலப்பு இல்லாவிட்டால் மலையின் மௌனம் கேட்காது. அசைவில்லாத நீலத்துக்கு எதிரே ஒரு கண நேர அவசரம், விடிவெள்ளிக்கு எதிரே ஒரு வாத்தின் உயிர்ப்பயம். ஓவியத்தின் குறியீடு நீலத்தில் மட்டும் இல்லை. நிலையானதும் நிலையாததும் ஒரே தாளில் அருகருகே வைக்கப்பட்ட உறவில் இருக்கிறது.

கரு ரிகி இதற்கு நெருங்கிய உறவு. அதிலும் நேரம் அதிகாலை, ஒளி மலைக்குப் பின்னால். இருட்டு இன்னும் விலகவில்லை, நீர்மேல் மூடுபனி.

செந்நிற ரிகி நேர் எதிர். இப்போது மெல்போர்ன் நகரில் விக்டோரியா தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. நேரம் அந்தி. சூரியன் பார்ப்பவரின் முதுகுப்பக்கம், மேற்கே, இறங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் நிழலாக இருந்த அதே மலைமுகம் இப்போது கடைசி ஒளியை நேராக ஏற்று, செம்பவள நிறத்தில் ஒளிர்கிறது. கீழே ஏரி ஏற்கெனவே குளிர்ந்து ஊதாவாகிவிட்டது. படகுகள் வீடு திரும்புகின்றன. நிறப் பட்டியலை நம்பி வருபவர் இந்தச் சிவப்பில் சினத்தையோ ஆபத்தையோ தேடினால் கிடைக்காது. இது விடைபெறும் சிவப்பு. பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தை மலை திருப்பித் தருவதுபோன்ற சிவப்பு. டர்னரின் முதுமையை நினைத்து இதைத் தம் வாழ்வின் அந்தி என்று அவர் தீட்டியதாகச் சிலர் வாசிப்பதுண்டு. அந்த வாசிப்பு அழகானது. ஆனால் அதே மாதங்களில் அதே கை விடியலையும் தீட்டியது என்பதை அது மறந்துவிடக் கூடாது.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்து உணர்ச்சியை வாசிக்கத் தமிழ் இலக்கணம் வெகுகாலம் முன்பே ஒரு வழி வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் பறவையும் பூவும் தொழிலும் கருப்பொருள். அவற்றின் நடுவே நிகழும் மனித உணர்வு உரிப்பொருள். டர்னருக்கும் இந்தத் திணை மரபுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மலை, விடியல், வாத்து, நாய் என்று முதலில் எண்ணி வைத்துக்கொண்டு பிறகு உணர்வுக்கு வரும் அந்த வரிசை, நிலக்காட்சி ஓவியத்தை அணுகவும் நல்ல ஒழுங்கு. வேறுபாடும் உண்டு. திணையில் மலைக்கு யாமமும் கூடலும் மரபால் உறுதிசெய்யப்பட்டவை. கவிஞருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஏற்கெனவே உடன்பாடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படி ஓர் உடன்பாடு நிலக்காட்சிக்கு இல்லை. ஒவ்வொரு ஓவியமும் தன் பொருளைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குச் சான்று ரிகியின் மறுபக்கத்திலேயே இருக்கிறது. மலையுச்சியிலிருந்து கிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில் கோல்டாவ் என்ற ஊர். 1806 செப்டம்பர் 2ஆம் தேதி, மழை மிகுந்த கோடைக்குப் பின், எதிரே இருந்த ராஸ்பெர்க் மலையின் சரிவு பெயர்ந்து விழுந்தது. ஏறத்தாழ 4 கோடி கனமீட்டர் பாறையும் மண்ணும் ஊரை மூடின. 457 பேர் மாண்டார்கள். டர்னர் 1843இல் தீட்டிய ‘கோல்டாவ்’ நீர்வண்ணத்தில் முன்புறம் முழுக்க அந்தப் பாறைகள். அவற்றுக்கு அப்பால் சூக் ஏரி, ஏரிமேல் அந்தி வானம். அந்த வானம் இரத்தச் சிவப்பாக எரிகிறது.

இந்த ஓவியத்தைச் சொந்தமாக வைத்திருந்த கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், 1860இல் வந்த தம் ‘நவீன ஓவியர்கள்’ நூலின் ஐந்தாம் தொகுதியில், மேகத்தின் செஞ்சிவப்பு டர்னரிடம் அழிவின் குறியீடாகவே வருகிறது என்று வாதிட்டார். கோல்டாவுக்கு அது பொருந்துகிறது, அதுவும் வலிமையாக. மண்ணுக்கடியில் ஓர் ஊர் கிடப்பதை அறிந்தவருக்கு அந்த வானம் வெறும் அந்தியாக இருக்க முடியாது. ஆனால் அதையே விதியாக்கிச் செந்நிற ரிகியின்மேல் ஏற்ற முடியாது. ஓராண்டு இடைவெளியில், சில கிலோமீட்டர் தொலைவில், அதே ஓவியர் அதே அந்திச் சிவப்பைக் கையாண்டார். ஓரிடத்தில் சிவப்பு மலையின் உடம்பில் இருக்கிறது, கீழே படகுகள் போகின்றன. இன்னோரிடத்தில் வானத்தில் இருக்கிறது, கீழே கல்லறையாகிப் போன ஊர் கிடக்கிறது. சாயம் ஒன்றாக இருக்கலாம். சொல் ஒன்றல்ல.

நிறத்துக்குப் பொருள் காண்பவர் இன்னும் இரண்டு இடங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலாவது, எல்லா நிறமும் பார்வையாளருக்காகப் பூசப்பட்டதல்ல. சாமுவேல் ராஜர்ஸின் ‘இத்தாலி’ என்ற கவிதை நூலின் 1830ஆம் ஆண்டுப் பதிப்புக்காக டர்னர் 25 சிறுசித்திரங்களை நீர்வண்ணத்தில் செய்து கொடுத்தார். நூலில் அவை அச்சானது எஃகுத் தகட்டில் செதுக்கிய கறுப்பு வெள்ளைச் சித்திரங்களாக. மூலத் தாள்களில் சில நிறங்கள் இயற்கையில் காணாத அளவுக்கு முனைப்பாக இருக்கின்றன. எந்த இடம் எவ்வளவு அழுத்தம் பெற வேண்டும், எங்கே ஒளி பிரிய வேண்டும் என்று செதுக்குபவருக்குச் சொல்ல அந்த முனைப்பு உதவியது. அதை உணர்ச்சிக் குறியீடாக மட்டுமே படித்தால், ஓவியர் தொழிலாளிக்கு எழுதிய குறிப்பைக் காதல் கடிதமாக எடுத்துக்கொண்டதாகும்.

இரண்டாவது, நிறம் வெளுக்கும். டர்னர் காலத்து நீர்வண்ணப் பெட்டியில் நிலைத்த சாயங்களும் நிலையாத சாயங்களும் கலந்தே இருந்தன. கோபால்ட் நீலம் வெளிச்சத்தைத் தாங்கும். அவுரி நீலம் நாளடைவில் மங்கும். பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்பு அதைவிட வேகமாக மங்கும். அந்தக் கால நீர்வண்ணக்காரர்கள் மேகத்தின் சாம்பல் நிறத்தை அவுரியோடு ஒரு செம்மண் சிவப்பைக் கலந்து உண்டாக்குவது வழக்கம். வெயில்படும் சுவரில் பல ஆண்டு தொங்கினால் அவுரி மட்டும் போய்விடும், செம்மண் தங்கும். மழைமேகம் இளஞ்சிவப்பு அந்தியாக மாறிவிடும். அத்தகைய தாளில் மாலைநேர ஏக்கத்தைக் கண்டு எழுதப்படும் விளக்கம், ஓவியர் தீட்டாத ஓவியத்துக்கு எழுதப்பட்ட விளக்கம். சாயம் நிலைக்குமா என்பதில் டர்னரே அக்கறை காட்டவில்லை என்று அவருக்குச் சாயம் விற்றவர்கள் குறைப்பட்டதுண்டு. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் நீர்வண்ணச் சாயங்கள்மீது ஒளி என்ன செய்கிறது என்பதைச் சோதித்து 1888இல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்த பிறகே இந்தச் சேதத்தின் அளவு பொதுவெளிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இந்தச் சேதத்தை உணர்ந்து நடந்த சேகரிப்பாளர்களும் இருந்தார்கள். ஹென்றி வாகன் ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகத்துக்குத் தம் டர்னர் நீர்வண்ணங்கள் 38ஐ உயிலில் விட்டுச் சென்றபோது ஒரு நிபந்தனை வைத்தார்: வெளிச்சம் மிகக் குறைந்த சனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும். எடின்பரோவில் இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. அந்தத் தாள்களின் நீலம் இன்னும் நீலமாக இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு மாதக் கணக்குதான். மற்ற அருங்காட்சியகங்கள் நீர்வண்ணங்களை ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வைத்துவிட்டு மறுபடி இருட்டறைக்கு அனுப்புகின்றன.

நீல ரிகி 2006 சூனில் லண்டன் ஏலத்தில் 58 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அதுவரை எந்தப் பிரிட்டிஷ் நீர்வண்ணமும் பெறாத விலை. ஓவியம் நாட்டைவிட்டு வெளியேறாதபடி ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போடப்பட்டது. கலை நிதியம் என்ற அமைப்பு ஒரு வழி கண்டது: ஓவியத்தின் கணினிப் படத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒரு தூரிகைக் கீற்றின் விலையைப் பொதுமக்களிடம் கேட்டது. அப்படி 5 லட்சம் பவுண்டுக்குமேல் சேர்ந்தது. மற்ற நிதிகளும் கூட, 2007இல் 49.5 லட்சம் பவுண்டுக்கு டேட் அதை வாங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் டேட் பிரிட்டனில் நீல, கரு, செந்நிற ரிகிகள் மூன்றும் முதன்முறையாக ஒரே அறையில் அருகருகே வைக்கப்பட்டன. லூசெர்ன் கரையில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் காத்திருந்து காண வேண்டிய மாற்றத்தை, அந்த அறைக்கு வந்தவர்கள் சில அடி நடந்தே கண்டார்கள்.